ஒரே தமிழுக்கு இரண்டு புள்ளி

அந்தப் பண்டிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. ஆள் செத்துப்போனார் என்று கேள்விப்பட்ட அன்றும் எனக்கு இரக்கம் வரவில்லை.

சாவகச்சேரியில் ஒரு பெண்கள் பாடசாலையில் அப்போது நான் தற்காலிக ஆசிரியை. நிரந்தர இடம் ஒன்றுதான். ஆங்கிலப் பந்தியொன்றை நன்றாக மொழிபெயர்ப்பவருக்கு அது என்றார்கள். கிடைக்காவிட்டால் புத்தூருக்குத் திரும்பி, அண்ணை வீட்டுச் சோற்றுக்குக் கையேந்த வேண்டும். போட்டிக்கு நின்றவள் பண்டிதரின் மனைவியின் தங்கை. தாளைத் திருத்தியவரோ, அங்கே தமிழ் படிப்பித்த அந்தப் பண்டிதர். பிறகென்ன!

எனக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து. 'கப்பல் தலைவன் மாலுமிகளோடு கதைத்தான்' என்று எழுதியிருந்தேன். 'கதைத்தான்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'கொச்சை. பேசினான் என்க' என்று போட்டிருந்தார். எங்கள் ஊரில் பேசினான் என்றால் ஏசினான் என்றல்லவா அர்த்தம்! வீட்டில் வாய் நிறையக் கதைக்கிற மனுசன், சிவப்புப் பேனை கையில் வந்ததும் மதராசுக்காரன் ஆகிவிட்டார்.

அன்று பின்னேரம் அந்தத் தங்கை தன் தாளோடு என்னிடம் வந்தாள். அவளும் 'கதைத்தான்' என்றே எழுதியிருந்தாள். ஒரு கீறல் இல்லை. எண்பது!

"அத்தான் புள்ளி போட்டது என்ரை தமிழுக்கில்லை, அக்கா. எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றாள்.

"வெக்கப்பட்டால் காணுமோ? ஆளைப் பிடிச்சுக் குடுக்க வேணும். என்னோடை நிப்பீரோ?"

"ஓம், நிக்கிறன்."

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய ரீச்சர் என்போம். அவரிடம் மன்றாடி எங்கள் இருவருக்கும் இன்னொரு பந்தி வாங்கினேன். வீட்டில் எழுதிவரலாம் என்றார். நான் மொழிபெயர்த்ததை அவள் ஓர் எழுத்தும் பிசகாமல் தன் கையெழுத்தில் எழுதினாள். பெயரை மட்டும் பார்த்துப் புள்ளி போடுகிறவருக்கு உள்ளே இருப்பது எங்கே தெரியப்போகிறது?

எனக்கு நாற்பது. அவளுக்கு எழுபத்தெட்டு. எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு தாளையும் பெரிய ரீச்சரிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார், முகம் கறுத்தது. ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டிவைத்துப் பண்டிதரை அழைத்தார்.

"ஐயா, ரெண்டையும் வாசிச்சு வித்தியாசத்தைச் சொல்லுங்கோ. நாங்களும் படிப்பம்."

முதலில் என்னுடையதை எடுத்தார். இது கொச்சை, அது வழு என்று வரிக்கு வரி வெளுத்து வாங்கினார். சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு, "இதுவெல்லோ தமிழ்!" என்றபடி மற்றத் தாளைத் தொடங்கினார். இரண்டாம் வரியில் குரல் இறங்கிற்று. மூன்றாம் வரியில் நின்றுவிட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டும் அக்காதான் எழுதினவ, அத்தான். நான் பாத்து எழுதினனான்," என்றாள் தங்கை.

"காணும், ஐயா, வையுங்கோ," என்றார் பெரிய ரீச்சர். "இனிமேல் பேரை மறைச்சுத்தான் திருத்துறது. அதுவும் ரெண்டுபேர்." என் பக்கம் திரும்பி, "அந்த இடம் உமக்குத்தான், பிள்ளை. இதோடை விடுவம்," என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"இல்லை, ரீச்சர்," என்றேன். "ஐயா மிச்சத்தையும் வாசிக்கட்டும்."

கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.