சைபீரியாவுக்குப் போன செட்டியார் பொம்மை

அமெரிக்காவில், எடிசன் நகரில், எங்கள் வீட்டுக் கொலுவைப் பார்க்காதவர்கள் கொடுத்துவைக்காதவர்கள் என்பது பத்து வயதில் என் உறுதியான கருத்து. அம்மாவின் படிகளைச் சொல்லவில்லை. படிகளுக்குக் கீழே நான் போடும் பார்க்கைத்தான் சொல்கிறேன். தொண்ணூற்றேழில் அது மொழிகளின் பார்க். உலகப் படம்போல மண்ணைப் பரப்பி, மலைகளைக் குவித்து, கடுகு முளைக்கவைத்து, மொழிக்கு ஒரு பொம்மை நிறுத்தியிருந்தேன். தமிழுக்கு மட்டும் எல்லாரையும்விடப் பெரிய பொம்மை. யார் கேட்பது?

பக்கத்து வீட்டில் ஒரு ஹங்கேரிய ஆன்ட்டி தனியாக இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஊரிலும் உறவென்று ஒருவரும் மிச்சமில்லை. வருஷாவருஷம் கொலுவுக்கு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், வந்திருப்பவர்களில் யாராவது அவர் எதிரிலேயே அம்மாவிடம் கேட்பார்கள்: "பாவம், இவங்களுக்கு ஃபேமிலின்னு யாருமே இல்லையா?" அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையா என்ன? ஆன்ட்டி சுண்டலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் பரிசளித்த, பூவேலைப் பாவாடை கட்டிய பொம்மையை நான் ஜெர்மன் பொம்மைக்கும் ருஷ்யப் பொம்மைக்கும் நடுவில் வைத்திருந்தேன். ஆன்ட்டி குனிந்து பார்த்தார். இவர்களெல்லாம் என் அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள் இல்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரர்கள் யாராம் என்று கேட்டேன்.

யூரல் மலையைத் தாண்டி, சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் ஹாந்தி, மான்சி என்று இரண்டு சிறிய இனங்கள் இருக்கின்றனவாம். அவர்கள் மொழிகளுக்கும் ஹங்கேரியனுக்கும்தான் நெருங்கிய உறவு. மூன்றையும் சேர்த்து உக்ரிய மொழிகள் என்பார்களாம். பின்லாந்து, எஸ்தோனியா மொழிகள் தூரத்து உறவு. எல்லாம் சேர்ந்தால் யூராலியக் குடும்பம். ஆனால் பிரிந்துபோய் யுகமாகிவிட்டதால், இன்று நேரில் பார்த்தாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதாம்.

"நோ மோர் டால்ஸ். நெக்ஸ்ட் இயர்," என்று முடித்துவிட்டேன். ஆன்ட்டி பரவாயில்லை என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த ஒருவர் அதே கேள்வியை ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தாள். நேராகக் கொலுப்படிக்குப் போனாள். வைத்த பொம்மையை விஜயதசமிவரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு அப்பீலே கிடையாது. அதே அம்மா கடைசிப் படியில் மளிகைக் கடை பரப்பி உட்கார்ந்திருந்த செட்டியாரையும் அவர் மனைவியையும் தூக்கிவந்து, என் யூரல் மலைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தாள். அப்பா வாயைப் பிளந்தார்.

"அம்பாள் அட்ஜஸ்ட் பண்ணிப்பா," என்றாள் அம்மா.

தலைப்பாகையும் தொப்பையுமாகச் செட்டியார் ஹாந்தி ஆனார். அவர் மனைவி மான்சி.

ஆன்ட்டி கைப்பையைக் கீழே வைத்தார். அதன்பின் வந்த ஒருவரையும் விடவில்லை. கையைப் பிடித்து அழைத்துவந்து, முதலில் செட்டியாரை, பிறகு அவர் மனைவியை, கடைசியில் பூப்பாவாடைக்காரியைக் காட்டி, தலையை நிமிர்த்திக்கொண்டு, "மை ஃபேமிலி," என்றார்.

என் பார்க்கைத்தான் அவர் அப்படிப் புகழ்கிறார் என்று நினைத்து, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வருஷக்கணக்காகத் தன் எதிரில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.