மிச்சச் சாமானில் ஒரு ராக்கெட்

எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட படிப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதை, எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் என் மகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அட்டையில் ஒரு ராக்கெட் செய்தாள். "கொஞ்சம் பிடிங்கம்மா" என்று என் கையில் கொடுத்தாள். நான் கீழே போட்டுவிட்டேன். என்னவோ பாம்பைக் கொடுத்த மாதிரி ஏன் உதறினீர்கள் என்று கேட்டாள். அக்காவுக்குப் போன் எடுத்து, அந்த ராக்கெட் ஞாபகம் இருக்கிறதா என்றேன். எந்த ராக்கெட் என்று கேட்டுவிட்டு, அங்கே மழையா என்று பேச்சை மாற்றிவிட்டாள். ஆகவே நானே எழுதவேண்டியதாயிற்று.

கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நீண்ட எங்கள் லயம் இருந்தது. கரண்ட் இன்னும் லயத்துக்கு வராத காலம். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். பக்கத்துக் காம்பராவில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இருந்தார். பாலை ரப்பராக்கிப் புகைபோடுகிற ஸ்டோரில் அவருக்கு வேலை. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று.

அதற்கு முந்தின வருடம் அப்பா வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தார். அப்போதுதான் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு வருடம், கால் சரியானதும் திரும்பப் பள்ளிக்கூடம் என்பது பேச்சு. அம்மா அக்காவின் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனைத் துவைத்து, பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று அடி மடிப்பைப் பிரித்து நீளமாக்கி, தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். தீபாவளி வந்தால் அடுத்தது ஜனவரி, புதுப் பள்ளிக்கூட வருடம். ஜனவரிக்கு நான்தான் அதிகம் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கிராமத்து நாய்கள் இருந்தன. அக்கா இல்லாத அந்த வருடம் முழுக்க நான் தனியாகத்தான் அவற்றைக் கடந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் பெரிய பிஸ்கட் டின். வாங்கிக்கொள்ள நான் ஓடினேன், லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். காம்பராவுக்குள் போய் டின்னைத் திறந்தால் பிஸ்கட் இல்லை. கூர்மையான ஒரு பிளாஸ்டிக் தலை, மெல்லிய பலகையில் மூன்று இறக்கை, நூல் கண்டு, வளையங்கள், ஒட்டுகிற எழுத்துகள் கொஞ்சம். எங்களுக்கு வந்த முதல் அதிர்ச்சி அதுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள்.

அக்கா வேலை செய்த வீட்டுப் பையனுக்கு வெளிநாட்டிலிருந்து ராக்கெட் செய்கிற பெட்டி இரண்டு வந்திருக்கிறது. இரண்டையும் கலைத்து நல்ல சாமானாகப் பொறுக்கி அவன் ஒன்று செய்துவிட்டான். மிச்சத்தைக் குப்பையில் போடச் சொன்னபோது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று அக்கா வீட்டுக்கார அம்மாவான நோனாவிடம் கேட்டிருக்கிறாள். நோனா சிரித்துவிட்டுச் சரி என்றாராம். அவன் செய்தது சும்மா ராக்கெட் இல்லை, நிலாவுக்கு மனிதர்களை ஏற்றிப்போன ராக்கெட்டையே நூறு பங்கு சின்னதாக்கினது என்று அக்கா சொன்னாள். அப்படியென்றால் நிஜமானது நம்முடைய ஸ்டோர்ப் புகைக்கூட்டைவிட உயரமா என்று அம்மா கேட்டாள். நாலு புகைக்கூடு உயரம் என்றாள் அக்கா. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "சனவரியில நான் பள்ளிக்கூடம் போறதுதானப்பா?" என்று கேட்டாள். அப்பாவின் கால் நன்றாகத்தான் இருந்தது, அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போயிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாப்பம்" என்றார். அம்மா அக்காவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அப்பா இல்லை என்று சொல்லவில்லை, அது போதும் எனக்கு. இனி நாய்களுக்குப் பயமில்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாளே ராக்கெட் வேலை தொடங்கிவிட்டது. உடம்புக் குழாய் டின்னில் இல்லை. காலண்டர் தாளை மூங்கில் துண்டில் சுற்றிக் குழாய் செய்யலாம் என்றாள் அக்கா. காலண்டரில் முருகன் இருந்தார். அவரை உள்பக்கமாகச் சுற்றினால் எரிந்துபோவார், வெளிப்பக்கமாகச் சுற்றினால் ராக்கெட்டோடு போய்விடுவார், இரண்டுக்கும் விடமாட்டேன் என்று அம்மா நின்றாள். கடைசியில் முருகனை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டுத் தேதித் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாலாவது இறக்கையைத் துணி துவைக்கிற சவர்க்காரப் பெட்டி அட்டையில் அக்கா வெட்டினாள். ஒட்டுவதற்குப் பசையும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பசைக்கு என்ன பஞ்சம் என்று மாமா ஒரு சிரட்டையில் பால் கொண்டுவந்து கொடுத்தார். காம்பரா முழுக்க ஸ்டோர் நாற்றம் நாறியது.

சுண்ணாம்பு பூசிக் காய்ந்தபிறகு, விளக்குக் கரியில் அக்கா கறுப்புக் கட்டங்கள் போட்டாள். எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை, எந்த எழுத்து எவ்வளவு உயரத்தில் என்று ஒரு தடவைகூட அவள் யோசிக்கவில்லை. பார்க்க ஒரு படமும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தப் பையனுடைய ராக்கெட் அலுமாரியின் மேல் நிற்கிறது, தினமும் அதைத் தூசி தட்டுவது தன் வேலை என்றாள். தூசி தட்டலாம், தூக்கிப் பார்க்கக்கூடாதாம்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. "வால் இல்லாம எந்த வாணம்டி போயிருக்கு?" என்று ஈர்க்குக் குச்சியோடு வந்து நின்றார். எங்களுக்குத் தெரிந்த ராக்கெட் திருவிழாவில் விடுகிற ஆகாச வாணம்தான். அதற்கு நீளமாக ஒரு குச்சி இருக்கும்.

"இது வாணம் இல்ல மாமா. இறக்கையே போதும்."

"அப்ப உள்ள என்னாத்தப் போடப்போற? நெலாவுல வாங்குன மருந்தா?"

உள்ளே போடப் போவது கஹவத்தையில் வாங்கின ஆகாச வாணத்தின் மருந்துக் குழாய்தான் என்பதால் அக்கா சிரித்துவிட்டாள். அந்த விடுமுறையில் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவை. உச்சியில் போய் மருந்து வெடிக்கும்போது தலை கழன்று, உள்ளேயிருந்து ஒரு குடை விரிந்து, ராக்கெட்டை மெதுவாகக் கீழே இறக்கும் என்று மாமாவுக்கு விளக்கினாள்.

குடையைப் பற்றியும் சொல்லவேண்டும். பையனுடையது பிளாஸ்டிக் தாளில் செய்தது என்று அக்காதான் சொன்னாள். எங்கள் வீட்டில் சீனி வந்த பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. நான் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள், அது சரிவராது என்று திருப்பித் தந்துவிட்டாள். தீபாவளியன்று காலையில் பார்த்தால் குடை தயாராக நூல் கட்டி மடித்துக் குழாய்க்குள் இருந்தது. எதில் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. என் பையை வேண்டாம் என்றதில் எனக்குக் கோபம்.

பொழுது சாய்வதற்கு முன்னால் லயமே வாசலில் கூடிவிட்டது. பழைய குடைக் கம்பி ஒன்றை நிலத்தில் குத்தி, ராக்கெட்டை அதில் கோத்து நிறுத்தியிருந்தோம். உண்மையைச் சொன்னால் மிக அழகாக இருந்தது. ரொட்டி விற்க வரும் பாண்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மே மொகக்த?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். "ஹந்தட்ட யனவா" என்று மாமா மார்பைத் தட்டிச் சொன்னார். நிலாவுக்குப் போகிறது என்று கேட்டதும் பாண்காரர் சிரிக்கவில்லை, இன்னும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் இருந்தார்.

அக்கா ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டு நடந்தே வந்தாள், ஓடவில்லை.

அது போகும் என்று எங்களில் ஒருவரும் நம்பியிருக்கவில்லை என்பது அது போனபிறகுதான் தெரிந்தது. சீறிக்கொண்டு கூரைக்கு மேலே போய், ரப்பர் மரங்களுக்கும் மேலே போனது. வாயைத் திறந்தபடி நின்றோம். அப்புறம் ஒரு வெடி. தலை கழலவில்லை. ராக்கெட் முழுதுமே மேலே வெடித்துச் சிதறிவிட்டது. இறக்கைகளும் காலண்டர் துண்டுகளும் எங்கள் தலையில் விழுந்தன. லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. பாண்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய்விட்டார்.

"தல ஆடிக்கிட்டு இருந்துச்சுடி," என்றார் மாமா, யாரும் கேட்காமலே. "கழண்டுருமேன்னு மத்தியானம் நான்தான் கொஞ்சம் பால் வச்சு ஒட்டுனேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புகைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று விரிந்து, பிளாஸ்டிக் தலையைத் தொங்கவிட்டபடி, அசைந்து அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஓரம் மட்டும் கருகியிருந்தது. வேறெங்கும் போகாமல் எங்கள் வாசலிலேயே விழுந்தது.

அம்மாதான் குனிந்து எடுத்தாள். துணியைத் திருப்பினாள். அதில் ஓரிடத்தில் நீல நூலால் தைத்த தையல் இருந்தது. அக்கா ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது கம்பி வேலியில் மாட்டிக் கிழிந்த இடம். அன்றைக்கு வீட்டில் வெள்ளை நூல் இருக்கவில்லை. அந்தத் தையலை நான்கூட அடையாளம் கண்டுகொண்டேன்.

அம்மா உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் குடையும் மறு கையில் கவுனின் மேல் பாதியும் இருந்தன. கைகளும் கழுத்துப் பட்டியும் அப்படியே இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நான் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"எதுக்குடி இத வெட்டுன?" என்றாள் அம்மா. "சனவரிக்கு என்னாத்தப் போட்டுக்கிட்டுப் போவ?"

"சனவரிக்கு யாரும்மா போறா?" என்றாள் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். அப்பா கோப்பையைப் படியில் வைத்தார். எழும்பினார், பிறகு என்ன நினைத்தாரோ, அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் ஏதாவது சொல்கிற மாமா, கீழே கிடந்த காலண்டர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அம்மா அந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள், ஒட்டிவிடலாம் என்பது போல. அப்புறம் முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள்.

யாருமே பேசாததால் நான் பேசினேன். சீனிப் பையை நான் கழுவிக் கொடுத்தேன், அதில் செய்திருக்கலாம், அக்காதான் வேண்டாம் என்றாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் என்னைத் திட்டவும் இல்லை. எனக்கு அதுவே திகைப்பாக இருந்தது. அத்தனை பாடுபட்டுச் செய்த ராக்கெட் வெடித்துப் போய்விட்டது, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு பழைய துணிக்காக அம்மா அழுகிறாள். புதுக் கவுன் தைத்தால் போயிற்று. கெட்டியான துணி என்பதால்தான் அக்கா அதை வெட்டினாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லையே, பாப்பம் என்றுதானே சொன்னார் என்று பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் தலைமயிரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா கொழும்புக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. தனியாகப் போனேன்.