வராந்தாவில் தொங்காத துப்பாக்கி

யாரையும் நம்பாத ஒரு மனிதன் ஒரே ஒரு துப்பாக்கியை எப்படி நம்பினான்? வில்பர்ட் உசிடாலோவோடு முப்பது வருடத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்திய வெர்னாவுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல ஊரில் பேசுகிறவர்களை அவள் மறுப்பதுமில்லை, ஆமோதிப்பதுமில்லை.

மிஷிகனின் வடகோடியில், ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனியைச் சாலையிலிருந்து தள்ளும் வண்டியை ஓட்டிப் பிழைத்தவன் வில்பர்ட். கசாப்புக் கடையில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் கடைக்காரனிடம் நலம் விசாரிப்பான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பான். மோசமான மனிதன் என்று சொல்ல முடியாது. யாரையும் ஒரு சல்லிக்கு ஏமாற்றியதில்லை. ஆனால் ஏமாற்றாதவர்களுக்கு வரும் ஒருவித அகங்காரம் அவனுக்கு இருந்தது. உலகத்தில் அப்படி இருப்பது தான் ஒருவன்தான் என்று நினைத்தான்.

அவனிடம் நாலு துப்பாக்கிகள் இருந்தன. நாலும் தள்ளுபடி விலையில் வாங்கியவை, பிளாஸ்டிக் கட்டை போட்டவை. ஒன்று வீட்டில், ஒன்று வண்டி இருக்கைக்குப் பின்னால், ஒன்று காட்டிலிருந்த கேம்ப்பில், ஒன்று சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் மேல்தட்டில். ஒன்று குளிரில் இடதுபக்கம் இழுக்கும். இன்னொன்றின் விசை விறைப்பாக இருக்கும். நாலின் குறையும் அவனுக்கு மனப்பாடம்.

"ஒண்ணு காலை வாரினா இன்னொண்ணு இருக்கும்," என்பான்.

"அப்போ பொண்டாட்டியும் நாலு கட்டியிருக்கணும் மச்சான்," என்பான் வெர்னாவின் தம்பி ஆர்வோ. ஆர்வோ மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். கடன் கேட்பதிலும் கிண்டல் செய்வதிலும் கூச்சம் இல்லாதவன்.

ஒரு வருடம் ஆர்வோவின் துப்பாக்கி பழுதாகி, வில்பர்ட்டிடம் ஒன்றை இரவல் வாங்கினான். திரும்பி வந்தபோது விசைக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குத் துரு இருந்தது.

"அது போன வருஷமே இருந்துச்சு," என்றான் ஆர்வோ.

"போன வருஷம் அது உன் கையில இல்ல."

அந்த வசந்தகாலத்திலேயே வில்பர்ட் நாலையும் விற்றுவிட்டு, பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போய் ஒரே ஒரு துப்பாக்கியோடு வந்தான். அவன் தாத்தாவின் நாட்டில் செய்தது. வாதுமை மரக் கட்டை, நீலக் கறுப்புக் குழல், குறிபார்க்க மேலே ஒரு ஸ்கோப். ஓசையே இல்லாமல் பூட்டிக்கொள்ளும்.

ஊர் இரும்புக் கடையில் மலிவாக நாலு நல்லதா, உயர்வாக ஒன்று நல்லதா என்று ஆண்கள் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசக்கூடியவர்கள். குறி தவறாமை, ஆயுள், பிள்ளைகளுக்கு விட்டுப்போவது என்று அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. வில்பர்ட்டின் காரணம் வேறு.

"நாலு இருந்தா நாலு பேர் கேப்பான்," என்றான் வெர்னாவிடம். "ஒண்ணே ஒண்ணுன்னா எவனும் கேக்க மாட்டான். கேட்டா, அவன் யாருன்னு நமக்குத் தெரிஞ்சுபோகும். அதோட, ஒண்ணைத்தான் கண்ணை எடுக்காம பாத்துக்க முடியும்."

ஆக, அவன் துப்பாக்கியை நம்பவில்லை. தன் கண்ணைத்தான் நம்பினான் என்று வெர்னா அப்போது நினைத்தாள்.

கேம்ப் என்பது மான் வேட்டைக்காக வெர்னாவின் அப்பா காட்டில் கட்டிய மரவீடு. அவருக்குப் பிறகு அது மூன்று பங்கு. வில்பர்ட்டும் வெர்னாவும் ஒரு பங்கு, ஆர்வோ ஒரு பங்கு, அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்தவரின் மகன் ஜீன் பெர்டுக்கி ஒரு பங்கு. அங்கே துப்பாக்கிகள் வீட்டுக்குள் வருவதில்லை. எப்படிப்பட்ட குளிரிலும் திறந்த வராந்தாவில், ஆளுக்கொரு மரக்கொக்கியில் தொங்கும். குளிரிலிருந்து சூட்டுக்குள் வரும் இரும்பு வேர்க்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வில்பர்ட்டுக்கும் தெரியும்.

ஆனாலும் அந்த நவம்பரில் அவன் புதுத் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி உள்ளே கொண்டுவந்து, அடுப்புப் பக்கத்துக் கட்டிலுக்கடியில் வைத்தான்.

"வேர்க்கும் வில்பர்ட்," என்றான் ஜீன்.

"தொடைச்சுடுவேன். வராந்தாவுல பூட்டு இல்ல."

"அப்பா காலத்துலேர்ந்தே பூட்டு இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆர்வோ கட்டிலைக் குனிந்து பார்த்தான். "அக்கா, கட்டிலுக்கு அடியில நீ படுத்துக்க. அது மேல படுக்கட்டும்."

வில்பர்ட் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்த இரும்பையெல்லாம் துடைத்தான்.

வேட்டை சீசனின் இரண்டாம் நாள், மரத்தின்மேல் கட்டிய பரணில் காலையிலிருந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன நேரத்தில், எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து, பக்கவாட்டில் நின்றது. கல்லெறியும் தூரம். அப்படி ஒரு மானை வில்பர்ட் தவறவிட்டதே இல்லை. சுட்டான். மான் ஒரு கணம் யோசித்துவிட்டு ஓடியது. சத்தம் கேட்டுத் தன் பரணிலிருந்து வந்த வெர்னா பனியைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"ரத்தம் இல்ல. ஒரு முடிகூட விழல."

கேம்ப்பின் வழக்கப்படி, மானைத் தவறவிட்டவனின் சட்டை பின்பக்கம் வெட்டப்பட்டு, பேரும் வருடமும் எழுதிச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆணியில் அறையப்படும். ஆர்வோவின் துண்டுகள் அங்கே மூன்று இருந்தன. வில்பர்ட்டுடையது ஒன்றுகூட இல்லை. கத்தரிக்கோலை ஆர்வோ எடுத்தான்.

"அசையாத மச்சான். இதுவும் நல்ல சட்டை, ஒண்ணே ஒண்ணுதானா?"

வில்பர்ட் திரும்பி, சட்டையைப் பார்க்காமல் கத்தரி பிடித்த கையையே பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, நேராகக் கழிப்பறைக்குப் பின்னால் போய் ஒரு காகிதத் தட்டை மரத்தில் குத்திவைத்துச் சுட்டான். மூன்று தோட்டாவும் தட்டின் நடுவில், ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம் போல விழுந்தன. துப்பாக்கியில் குறையில்லை. தன்மேல் குறை இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவனுக்கு வந்ததா என்று தெரியாது. திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் ஆர்வோ காப்பியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தேகத்துக்கு ஒரு வசதி உண்டு. குற்றமில்லை என்று காட்டும் சாட்சியையும் அது தன் பக்கத்துச் சாட்சியாகவே எழுதிக்கொள்ளும். நேற்று தவறிய துப்பாக்கி இன்று தவறவில்லை என்றால், யாரோ கெடுத்துவிட்டுச் சரிசெய்திருக்கிறார்கள்.

அன்று மாலை இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி சூடாகத் தட்டில் விழுந்ததும் வில்பர்ட் ஆரம்பித்தான். "முதல் நாள் சௌனாவுக்கு யாரு கடைசியா வந்தது?"

"நான்தான்," என்றான் ஆர்வோ. "அடுப்புக்கு விறகு போட்டுட்டு வந்தேன்."

"நேத்தும் நீதான். நாங்க சௌனாவுல இருந்தப்போ துப்பாக்கியோட உள்ள இருந்தது நீ மட்டும்."

"நேத்தும் அடுப்பு எரிஞ்சுச்சு."

"ஸ்கோப் திருகாணியை யாரோ திருப்பி விட்டிருக்கான். நான் தவறவிட்டப்புறம் பழையபடி வச்சிருக்கான்."

ஜீன் மெல்லுவதை நிறுத்தினான். ஆர்வோ முதலில் சிரித்தான். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க அப்பா கட்டின வீட்ல உக்காந்து என்னைத் திருடன்னு சொல்றே."

"திருடன்னு சொல்லல."

"அதைவிடக் கேவலமா சொல்றே. உன் துப்பாக்கியைத் தொட்டுக் கெடுத்தேன்னு சொல்றே."

"இரவல் வாங்கினதைத் துருப்பிடிக்க வச்சுத் திருப்பிக் கொடுத்தவன்தானே நீ."

ஆர்வோ எழுந்தான். கேம்ப் சாவியை வளையத்திலிருந்து கழற்றித் தட்டுப் பக்கத்தில் வைத்தான். வராந்தாவில், பிளாஸ்டிக் கட்டையில் ஒட்டு நாடா சுற்றிய தன் துப்பாக்கியைக் கொக்கியிலிருந்து எடுத்தான். பின்னாலேயே வந்த வெர்னாவிடம் சொன்னான்: "தப்புன்னு அவன் வாயால சொல்ற வரைக்கும் இங்க கால் வைக்க மாட்டேன் அக்கா. சொல்லலைன்னா என் பங்கை வித்துட்டுப் போயிடறேன். யாருக்குன்னு கேக்காத."

வெர்னாவுக்கு இருந்தது ஒரே தம்பி. விறகு அடுக்கு, கூரை, அப்பா செதுக்கிய கொக்கிகள் எல்லாம் யாரோ ஒரு சிக்காகோக்காரன் கைக்குப் போவதை அவள் அந்த வராந்தாவில் நின்றபடியே பார்த்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை வில்பர்ட் தன் தாடியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, ஸ்கோப் திருகாணியின் குறுக்கே மெழுகால் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அவன்தான் போயாச்சே," என்றாள் வெர்னா. "இப்ப ஜீனைப் பிடிக்கப் போறியா?"

"யாரையும் பிடிக்கல. பாத்துக்கறேன்."

கேம்ப்பில் அப்போது இருந்தது மூன்று பேர். அதில் ஒருவன் அவனே. மீதிக் கணக்கை வெர்னா போட்டுப் பார்த்தாள். அன்று தன் பரணுக்குப் போகாமல் அவனோடு போய், அவன் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்தாள். கெட்டியான குளிர். மான் எதுவும் வரவில்லை. வெளிச்சம் குறையத் தொடங்கியதும் கீழே இறங்கி, பையிலிருந்த காகிதத் தட்டை ஒரு பூர்ச்ச மரத்தில் குத்தினாள்.

"சுடு."

சுட்டான். தட்டில் ஒன்றுமில்லை. ஒரு சாண் தள்ளி இடதுபக்கம் பட்டை பிய்ந்திருந்தது. அவன் ஸ்கோப்பைப் பார்த்தான். முடி அறுபடாமல் அப்படியே ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

வெர்னா துப்பாக்கியை வாங்கி, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேஸ்டி சுற்றிவந்த எண்ணெய்த்தாளை மடித்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய இடைவெளியில் நுழைத்தாள். குழல் மரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தாள் தடையில்லாமல் ஓட வேண்டும். யார் புதுத் துப்பாக்கி வாங்கினாலும் அப்பா இப்படித்தான் பார்ப்பார். தாள் பாதியில் நின்றது. கத்தி நுனியால் நோண்டினாள். மீன் செதில்போல ஒரு பனிக்கட்டித் தகடு வந்தது.

"ராத்திரி உள்ள வேர்க்குது. உன் துணி போகாத இடத்துல தண்ணி தங்குது. வெளிய வந்து உக்காந்தா உறைஞ்சு குழலைத் தள்ளுது. காலைல சூட்டோட எடுத்துட்டு வந்து சுட்டா நேரா போகுது." அவள் அந்தத் தகட்டை அவன் கையுறையில் வைத்தாள். "ஆர்வோகிட்ட சொல்லணும்."

அவன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

"சொல்லணும் வில்பர்ட்."

"ஐஸ் இருந்துச்சு. சரி. அதனால அவன் தொடவே இல்லைன்னு ஆயிடுமா?"

வெர்னா அவன் கால்தடத்திலேயே பின்னால் நடந்தாள். கையில் பனிக்கட்டியைக் கொடுத்த பிறகும் நம்பாதவனிடம் வேறு எதைக் கொடுப்பது?

துப்பாக்கிமேல் தப்பு என்று தெரிந்தால் சட்டைத் துண்டை இறக்கிவிடலாம் என்பதும் கேம்ப் வழக்கம். ஜீன் ஆணியில் கை வைத்தபோது, "இருக்கட்டும்," என்றான் வில்பர்ட். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்வோ வரவில்லை. பனிக்கட்டி விஷயத்தை வெர்னாவே போய்ச் சொன்னாள். "நீ சொன்னா ஆச்சா?" என்றான் ஆர்வோ. கோடையில் அவன் பங்குக்கு விலை கேட்டு ஒருவன் வந்துபோனதாக ஜீன் சொன்னான். அதைக் கேட்டும் வில்பர்ட் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நவம்பரில் வெர்னா தம்பியைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள். "உள்ள வர வேணாம். வராந்தா அப்பாவோடது. அங்க நின்னு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ."

சீசனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆர்வோவின் வண்டி வந்தது. படியேறியவன் நின்றான். அவனுடைய கொக்கியில், திறந்த வராந்தாவில், வாதுமைக் கட்டைத் துப்பாக்கி தொங்கியது. அதன் வாரோடு அவன் விட்டுப்போன சாவியும்.

"என் எடத்துல யாரோடது இது?"

"தெரியாத மாதிரி கேக்காத," என்றான் ஜீன்.

"எதுக்கு மாட்டியிருக்கான்?"

"அவனையே கேளு," என்றாள் வெர்னா. அவளுக்கும் அது அன்று காலையில்தான் தெரியும்.

ஆர்வோ கேட்கவில்லை. வெர்னாவிடம் எண்ணெய்த்தாள் ஒன்றை வாங்கிக் குழலுக்கடியில் விட்டான். அது நுனிவரை வழுக்கிக்கொண்டு போனது. துப்பாக்கியின் பின்பூட்டைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துக் குழலுக்குள் பார்த்தான். ஸ்கோப் திருகாணியைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏதோ வச்சிருக்கான் இதுல," என்றான்.

வில்பர்ட் உள்ளிருந்து காப்பிக் கோப்பையோடு வந்தான். மச்சானைப் பார்த்தான். கோப்பையை அவன் கையில் கொடுத்தான்.

"உன்னோடது எங்க?"

"வண்டில. எதுக்கு?"

வில்பர்ட் படியிறங்கிப் போய், வண்டியிலிருந்து நாடா சுற்றிய அந்த மலிவுத் துப்பாக்கியை எடுத்தான். தோட்டா இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு தன் கொக்கியில் மாட்டினான். சீசனுக்கு முந்தின நாள் எல்லோரும் செய்வதுபோல அவனும் அதைக் கழிப்பறைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தட்டு வைத்துச் சுட்டுப் பார்ப்பான் என்று வெர்னா மாலைவரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஜீன் சுட்டான். ஆர்வோ, காப்பி ஆறிப்போன பிறகு, சந்தேகத்தோடு வாதுமைக் கட்டையைத் தோளில் வைத்துச் சுட்டான். வில்பர்ட் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் அவன் தன் கொக்கியிலிருந்து ஆர்வோவின் துப்பாக்கியை எடுத்து, ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல், பரணுக்கு நடந்தான்.