மாமா தேய்த்த கட்டாரி

புனே மகர்பட்டாவில் என் மகன் வீட்டு ஹாலில் ஒரு பழைய கட்டாரி கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. விருந்தாளி வந்தால் போதும், விளக்கைப் போட்டு, அதன் அலகில் ஓடும் அலை அலையான கோடுகளைக் காட்டி, "எங்க தாத்தா பொத்திப் பொத்திக் காப்பாத்துனது" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்ணாடியை உடைத்துப் போட்டால் என்ன என்றிருக்கும்.

நான் ஏழாவது தாண்டாதவன். ஆனால் ரஞ்சன்காவில் எஃகு தீட்டுகிற பட்டறை எனக்குச் சொந்தம். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எஃகைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த அலை மேலே வரைந்ததில்லை. உருக்கைக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, அடித்து நீட்டும்போதே உள்ளுக்குள் விழுவது. மேலே தேய்த்தால் மறையும், போகாது.

இது தெரியாதவர் என் மாமா. அம்மாவின் தம்பி. நான் சின்னப் பையனாக இருந்தபோது வேலை தேடி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்கியில் அப்பாவுக்குத் தொழிற்சாலை கொடுத்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கியிருந்தார். வேலைதான் கிடைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அப்பா அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "இன்னிக்கும் ஒண்ணும் ஆவலியா?" என்பார். மாமா சோற்றை அளைந்துகொண்டிருப்பார்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானரிலிருந்து சைக்கிள் மணி வரை எங்கள் லைனில் எல்லாம் பளபளக்க வேண்டும். எங்கள் வீட்டில் கருத்துக் கிடந்த இந்தக் கட்டாரி மாமா கண்ணில் பட்டது. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற கடையில் கொடுத்து, சக்கரத்தில் தேய்த்து எடுத்துவந்துவிட்டார். முகம் பார்க்கலாம், அப்படியொரு மினுக்கு. அலை ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா மாமா, வெள்ளி மாதிரி!" என்று அப்பாவிடம் நீட்டினார். அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லைன் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"பரம்பரைச் சொத்த நாசம் பண்ணிட்டியேடா! இன்னாத்துக்குடா நீ இங்க கீற? கெளம்பு!"

"காய் ஜாலா?", என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "தெரிஞ்சி பண்ணல மாமா" என்றதோடு சரி, மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. அம்மா செத்த அன்றும் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார்.

மாமா கிளம்பிப் போன மறுநாள் காலை அப்பா கட்டாரியைச் சாம்பல் போட்டுக் கழுவினார். எஃகை லேசாக அரிக்கிற அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் தொட்டு அலகில் தடவினார். எஃகுக்குப் பதம் போடுவதே தொழிலாக இருந்த மனுஷன். இந்த வித்தை முந்தின நாள் கத்தும்போது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்ததா? கோடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. நான் துள்ளிக் குதித்தேன்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். "அதான் வந்துடுச்சில்ல? என் தம்பிய வரச் சொல்லி எழுதட்டா?"

"கத்தி வேற, அவன் வேற" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கட்டாரிதான் பழையபடி ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கட்டாரிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று குங்குமச் சிமிழை எடுக்க ஓடினேன்.