ஆகாயத்தாமரையில் கட்டிய கரை

எங்கள் தெருவில் ஒரே ஒருவர் கையில் செல்போன் இருந்த வருஷம் அது. திருவொற்றியூரில் கால்வாயை ஒட்டிய கடைசி வீடு என்னுடையது. தெருவிலேயே பள்ளமும் அதுதான். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். ஐப்பசி மழை வருகிற நேரம். கால்வாயில் தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. அது மிதந்து போய், தண்ணீர் வெளியேறுகிற பாலத்துக் கண்ணை அடைத்தால் முதலில் என் வீட்டில்தான் தண்ணீர் ஏறும். பச்சை உடம்புக்காரியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே போவேன்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

செடியை இழுத்துப் போட ஆள் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கிழிந்த வலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் செடி மேல் வீசி, பத்துப் பேர் கரையில் நின்று இழுத்தோம். வேரெல்லாம் சேறு. உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது.

இழுத்ததை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேட்டில் கொட்டுவதாகத்தான் பேச்சு. நான்தான் கெடுத்தேன். என் சுவரோரமாகவே வரிசையாகப் போடுங்கள், தண்ணீர் வந்தால் தடுக்கும் என்று கெஞ்சினேன்.

"இது இன்னா மண்ணா யக்கா? மெதக்கற சாமான். கரைக்கு ஆவாது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நான் அழுகிற மாதிரி நின்றேன். எல்லோருக்கும் அசதி வேறு. இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலையில் மழை பிடித்தது. மதியத்துக்குள் கால்வாய் ஏறி, என் கரை அப்படியே எழுந்து மிதந்து போய்ப் பாலத்துக் கண்ணில் செருகிக்கொண்டது. என் வீட்டில் முழங்கால் தண்ணீர். பக்கத்தில் இன்னும் நான்கு வீட்டிலும் புகுந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் மனைவி மீன் விற்கிற அன்னக்கூடையைக் கழுவி, புடவை விரித்து, அதில் குழந்தையைப் படுக்கவைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தாள். நான்கு நாள், படி உயர்ந்த அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மழை விட்ட ஞாயிறு, அதே ஆட்கள் அதே வலையோடு வந்தார்கள். முதல் இழுப்பு கரைக்கு வந்ததும் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சொல்லு யக்கா. இத்த எங்க போடலாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் மீன்பாடி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினேன். இருட்டும்வரை எத்தனை நடை என்று தெரியாது. கால் வீங்கிவிட்டது.

கார்த்திகை பிறப்பதற்குள் பாலத்தடியில் மறுபடி நாலு இலை தெரிந்தது. அன்னக்கூடையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளும் குழந்தையும் படுத்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவர்களும் கேட்கவில்லை.