கடிக்காத எலி

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். பிறந்த வீட்டிலிருந்தே அப்படித்தான். பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊர் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். போன இடமும் எனக்குச் சளைத்ததில்லை. மாமனார் மாட்டை அடிப்பார். மாடு நகராவிட்டால் நுகத்தடியையும் அடிப்பார். என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் மெஷின் வேலை. ரயிலில் நின்றுகொண்டே வந்த கோபத்தைச் சாயங்காலம் சோற்றுத் தட்டின்மேல் காட்டுவார். தட்டு குறி தவறி என்மேல் பட்ட நாட்களும் உண்டு, குறி தவறாமல் பட்ட நாட்களும் உண்டு. நான் யார்மேல் காட்டுவது? இரண்டு வயது மகள் இருந்தாளே, அவள்மேல்தான்.

கரண்டி, விசிறிக் காம்பு, துடைப்பம், எது கையில் இருக்கிறதோ அது. அடித்து முடித்த மறு நிமிஷம் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிடுவேன். சமையல்கட்டு மாடத்திலிருந்து பித்தளைக் கிண்ணத்தை எடுப்பேன். அதில் எப்போதும் தேங்காய் எண்ணெய் இருக்கும். சிவந்த இடத்தில் தடவி, "அழுவாதடி கண்ணு, ஆயிடுச்சி, ஆயிடுச்சி" என்று மடியில் போட்டு ஆட்டுவேன். அடித்த பாவம் எண்ணெயோடு போய்விட்டது என்று நினைப்பு. இது என் அம்மாவிடமிருந்து வந்த வழக்கம் என்று சொன்னால் பழியை அவள்மேல் தள்ளியதாகிவிடும். அதனால் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஐப்பசி மாதம், நான் இரண்டாவது பிள்ளைக்கு நாலு மாதம். அடுத்த வீட்டுக்காரி தன் தவழ்கிற குழந்தையை எங்கள் கூடத்தில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் என் மகள் பித்தளைச் சொம்பால் அந்தக் குழந்தையின் நெற்றியில் போட்டுவிட்டாள். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து முகமெல்லாம் ரத்தம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு தையல். அடுத்த வீட்டுக்காரி கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அவள் நிதானமாக என் வயிற்றைப் பார்த்தாள்.

"உனுக்கு இன்னொன்னு வர்துல்ல. அத்த எந்த ஊட்ல வச்சி வளக்கப்போற?"

வீட்டுக்கு வந்து மகளை அடித்தேன். அடித்ததற்காக என் வீட்டுக்காரர் என்னை அடித்தார். அன்றைக்கு யாரையும் அடிக்காமல் இருந்தவர் மாமனார் ஒருவர்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பங்குனியில் பிள்ளை பிறக்கும். இவள் இப்படியே இருந்தால் அது பிழைக்குமா?

யோசனை சொன்னவர் என் வீட்டுக்காரர். பட்டணத்தில் அவருடைய மேஸ்திரி வீட்டில் குழந்தைகள் ஏதோ சின்னப் பிராணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பூவைப்போலத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தாராம். ஒரு சின்ன உயிரைக் கையில் கொடுத்துப் பழக்கினால் இவள் கையும் மெத்தென்று ஆகும், பாப்பா வருவதற்குள் பழகிவிடுவாள் என்றார். அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொண்ட சில விஷயங்களில் அது ஒன்று. நாய் வேண்டாம், கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி. பூனை பிறாண்டும். எலி ஜாதியில் சாதுவாக ஒன்றைத் தேடுவது என்று முடிவானது.

மாமனாருக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விளைந்ததில் பாதியை எலி தின்கிற ஊர் அது. வரப்பெல்லாம் மருந்து வைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"ஊரே எலியக் கொல்றதுக்குப் பேஜாராகிக்கினு கீது. நீ டப்பு குடுத்து எலி வாங்கியாரப் போறியா?" என்று மகனைக் கேட்டார்.

முதலில் வந்தது அணில். பனை வெட்டும்போது கீழே விழுந்த குஞ்சு என்று யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். இங்க் ஃபில்லரால் பால் கொடுத்தேன். பத்து நாளில் தோளேறித் திரிந்தது. மகள் அதன் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். அது வளைந்து அவள் சுண்டுவிரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு கடித்தது. கடித்த பல்லை விடவில்லை. அவள் கையை உதற உதற அதுவும் கூடவே ஆடியது. என் வீட்டுக்காரர் அதைப் பிய்த்து எடுத்துச் சுவரில் அடித்தார். சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கறை போகவே இல்லை. நான் அதன்மேல் காலண்டரை மாட்டினேன். ராமர் தடவிய முதுகை அடித்துவிட்டானே என்று மாமனார் கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரப்பில் அவர் வைத்த மருந்துக்கெல்லாம் அந்தக் கற்பூரம் போதுமா என்று கேட்க என் வாய் துடித்தது.

அடுத்து, கார்த்திகையில், பட்டணத்து மூர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு வெள்ளெலி. சிவப்புக் கண், ரோஜா நிற வால். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு வைத்திருந்தோம். அவை கடிக்கவில்லை, மகளும் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். நான் நம்பத் தொடங்கினேன். ஒரு காலை பெண் எலி குட்டி போட்டிருந்தது, தோலுரித்த கடலைப்பருப்பு மாதிரி ஏழெட்டு. மகள் ஆசையாக மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது தாய் எலி ஒரு குட்டியை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது. மகள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? டின்னை அப்படியே கொல்லையில் கொட்டினேன். கோழிகள் ஓடிவந்தன. அவை எலியைக் கொத்தி இழுத்துக்கொண்டு ஓடியதையும் என் மகள் பார்த்தாள். உள்ளே போ என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு எண்ணெய் தடவினேன்.

மார்கழியில் என் வீட்டுக்காரர் ரோஷம் வந்தவராக மறுபடி மூர் மார்க்கெட்டுக்குப் போனார். இந்த முறை சீமை எலி. வால் கிடையாது, சின்ன முயல் அளவு, காது வெற்றிலைக் கொழுந்து மாதிரி. கடைக்காரன் எல்லாம் சாது என்றானாம். இவர் நம்பவில்லை. கூண்டு கூண்டாகக் கைவிட்டு ஒவ்வொன்றின் வாயிலும் தன் சுட்டுவிரலை வைத்து அழுத்தியிருக்கிறார். மூன்று கடித்தன. நாலாவது, பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று, விரலை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டதாம். அதை ஓலைக் கூடையில் வைத்து, ரயிலில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். விரலில் கட்டோடு நின்ற அவரைப் பார்த்து எனக்கு அன்றைக்கு உண்மையாகவே பிரியம் வந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அது ஒரு புது அனுபவம்.

அந்தப் பிராணி தங்கம். மகள் அமுக்கினாலும், மயிரைப் பிடித்து இழுத்தாலும் "க்வீக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூடத்து மூலையில் மரப்பெட்டிக்குள் வைக்கோல் போட்டு வைத்தோம். "இதான் உன் பாப்பா. மெதுவாத் தொடணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் பாப்பா என்றே கூப்பிட்டாள். நான் ஒடித்துப்போடும் முருங்கைக் கீரையை ஒவ்வொரு இணுக்காக ஊட்டினாள். அடுத்த வீட்டுக்காரியே தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, மாறிட்டாளே என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பங்குனியைப் பற்றிய பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

தை மாதம் அறுவடை முடிந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கழனியைத் தாள் அறுத்ததும் வரப்பு வெட்டி எலி பிடிப்பார்கள். இருளர் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் வருவார்கள். ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளை வாயில் வைத்து ஊதிப் புகை விடுவார்கள். வளைக்குள் எலி சேர்த்த நெல் அவர்களுக்கு. மறு வாய் வழியாக மூச்சுமுட்டி வெளியே வருகிற முதல் எலியை மட்டும், வீட்டில் நிற்கத் தெரிந்த மிகச் சின்னக் குழந்தை அடிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த போகத்துக்கு எலி அண்டாது. குழந்தை அடிக்கத் தோதாக அதை வாலைப் பிடித்து வைக்கோல்மேல் அமுக்கிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தை என் மகள். நான்தான் அவளுக்குப் புதுப் பாவாடை கட்டிவிட்டேன். மாமனார் கிளுவைக் குச்சியை முழ நீளத்துக்கு வெட்டி, கையில் குத்தாமல் இருக்கப் பட்டையைச் சீவிக் கொடுத்தார். எலி வந்தது. அவள் முதலில் தயங்கி என்னைப் பார்த்தாள். "அடிடி கண்ணு, அடி" என்று சொன்னது நான். இரண்டாவது அடியில் எலியின் மூக்கில் ரத்தம் வந்தது, நாலாவதில் கால்கள் விறைத்தன. எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் அவளைத் தோளில் தூக்கிக் கழனியைச் சுற்றி வந்தார். அவள் வாய் நிறையப் பொரி. அன்று முழுக்க அந்தக் குச்சியை அவள் கீழே வைக்கவில்லை, நாங்களும் பிடுங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்படியொரு பாராட்டு அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் நான் கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் மெத்தை தட்டுகிற மாதிரி சத்தம். க்வீக் என்று ஒரு தரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு மாத வயிற்றோடு ஓடினேன்.

பெட்டி கவிழ்ந்திருந்தது. வைக்கோல்மேல் சீமை எலி கிடந்தது. ஒரு கண் வெளியே வந்திருந்தது. பழுப்பு எது, வெள்ளை எது என்று தெரியவில்லை. குச்சி பக்கத்தில் கிடந்தது. என் மகள் மாடத்துக்கு முக்காலி போட்டு ஏறி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்திருந்தாள். இரண்டு விரலால் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, ரத்தத்தின்மேலே தடவிக்கொண்டிருந்தாள். அதை மடியில் போட்டு ஆட்டினாள்.

"அழுவாத பாப்பா. ஆயிடுச்சி, ஆயிடுச்சி."

என் குரல். என் ராகம்கூட மாறவில்லை.

அந்த நிமிஷத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தக் கிளுவைக் குச்சியை எடுத்தேன். அது உடைகிறவரை அவளை அடித்தேன். ஒவ்வொரு அடியிலும் எனக்குப் பங்குனிக் குழந்தைதான் தெரிந்தது, அதன் நெற்றி, அதன் கண். அவள் ஓடவில்லை. எனக்கு வசதியாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். குச்சி உடைந்ததும், கன்னமெல்லாம் கண்ணீராக, கிண்ணத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். நான் தடவினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சீமை எலியைக் கொல்லையில் புதைத்தார். தட்டு எதுவும் பறக்கவில்லை. விரலில் ஆறிப்போன பல் தடத்தைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"எல்லா எலி வாயிலயும் வெரல வுட்டுப் பாத்தேன். நம்ப ஊட்டுக் கையப் பாக்கல," என்றார்.

பங்குனியில் பையன் பிறந்தான். பத்தாம் நாள் வரை மகளை அறைக்குள் விடவில்லை. கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் குழந்தை பாலுக்கு அழுதான். அழுகை ஓயவில்லை. உடம்பு வலியும் தூக்கக் கலக்கமுமாக எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "சும்மா இருடா சனியனே" என்று கத்திவிட்டேன். தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன் போல, கதவு திறந்தது.

மகள் வந்தாள். நான் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினேன். அவள் இரண்டு கையாலும் பித்தளைக் கிண்ணத்தைப் பிடித்து, எண்ணெய் சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வந்தாள். தம்பியின் பக்கத்தில் அதை வைத்தாள். அவனை அவள் தொடவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாப்பாவ மெதுவா அடி," என்றாள்.