களை எடுக்கிற பக்கம்

காதல் நாவல்களில் வருகிற கதாநாயகர்களில் ஒருத்தனாவது பூண்டு பயிர் போட்டிருக்கிறானா என்று ராஜகுமாரி இருபது வருஷமாகத் தேடுகிறாள். கிடைக்கவில்லை. எல்லாரும் கம்பெனி முதலாளிகள். கம்பெனி இல்லாதவனுக்குக் கொடைக்கானலில் நானூறு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கும்.

"நம்ம மலையில ஏது அம்புட்டுத் தேயிலை? எழுதுன அம்மா ஊட்டி பஸ்ஸுல ஏறிப் போய் எறங்கிட்டு, இதான் கொடைக்கானல்னு நெனச்சிருச்சு" என்பாள்.

அத்தனை பேரும் ஆறடி உயரம் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. அவள் ஊரான கூக்காலில் குளிருக்காகத் தாழ்வாக வைத்த வாசல்களில் ஆறடிக்காரன் ஒருத்தன் ஒரு வாரம் நுழைந்து புறப்பட்டால் நெற்றி புடைத்து, அந்தக் கூர்மையான பார்வையெல்லாம் மங்கிப் போய்விடும் என்பது அவள் கணிப்பு.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு வரியைக்கூட விட்டுவிட்டுப் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. உலை கொதிப்பதற்குள் ஒரு அத்தியாயம், பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போது ஒரு அத்தியாயம். ஒரு தடவை கதாநாயகிக்குத் திருமண மண்டபத்தில் மயக்கம் வந்த நேரம் பார்த்து மடை உடைத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டு கேரட் முழுக்க முழுகிப் போனது. அந்தக் காட்டுக்காரர் வந்து கத்தியபோது, அந்தப் பெண்ணுக்கு மயக்கம் தெளிந்ததா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

புத்தகம் வாங்கி வருவது அவள் கணவர் திருமலைச்சாமியின் பொறுப்பு. வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு கொண்டுபோய்த் திரும்பும் வழியில், வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் இறங்குவார். மனிதருக்கு வாசிப்பு ஆகாது. அதனால் அட்டையை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். துப்பாக்கி இருந்தால் வேண்டாம். பெண்பிள்ளை திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற பெண்ணாகப் பார்த்து எடுத்து வந்தார். அவள் திரும்பிப் பார்த்தது பேயை. ராஜகுமாரி அதையும் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் அவரைத் திட்டினாள்.

நாவல்மேல் இருந்த கோபமெல்லாம் செல்லக் கோபம். உண்மையான கோபம் சினிமாமேல்தான். நாவலைப் படமாக எடுக்கிறேன் என்று வருகிறவர்கள் அவளுக்கு ஜென்ம விரோதிகள்.

"புத்தகத்துல பொண்ணு முப்பது பக்கம் மனசுக்குள்ளயே பேசிக்கிட்டுக் கெடப்பா. அத எடுக்கத் தெரியாம, ரெண்டு பேரையும் பனியில ஓடவிட்டு ஒரு பாட்டப் போட்டுடுறாய்ங்க. அவனுக்கு ரெண்டு ஸ்வெட்டர், இவளுக்கு ஊதுனா பறக்குற சேலை. இதுக்குப் பேரு காதலா?"

அதையாவது பொறுத்துக்கொள்வாள். முடிவை மாற்றினால் பொறுக்க மாட்டாள். அடுத்தவர் எழுதியதை மாற்றுகிறவன் கை விளங்காது என்று டிவியைப் பார்த்தே சாபம் விடுவாள்.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த வேலையை அவளே பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

விதைப்புக்கு முன்னால் பூண்டைப் பல் பல்லாக உடைக்க வேண்டும். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்கிற சோலி அது. கை மட்டும் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு ராஜகுமாரி கதை சொல்வாள். மற்ற காட்டுக்காரர்கள் ஆள் கிடைக்காமல் அலையும்போது, அவள் வீட்டு முற்றத்தில் மட்டும் வெள்ளனே வந்து இடம் பிடிப்பார்கள்.

முதல் தடவை மாற்றியது அவள் குற்றமில்லை. பழைய புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் பக்கம் இல்லை என்று சொல்ல முடியுமா? தானே ஒரு முடிவு சொன்னாள். நன்றாக எடுபட்டது. அதற்குப் பிறகு பக்கம் இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. கதாநாயகி அழுதுகொண்டே முடிகிற கதைகளைச் சொன்னால் உடைத்த பூண்டு அளவு குறைந்தது. ஆணவம் பிடித்த கதாநாயகன் கதாநாயகியை அறைவதும், அவள் மறுநாளே அவனுக்குக் காய்ச்சலென்று கஞ்சி வைத்துக் கொடுப்பதும் வந்தால் வட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அந்த முனகலை ராஜகுமாரி கவனித்தாள். கஞ்சி வைக்கிற இடங்களையெல்லாம் வரிசையாக வெட்டினாள்.

அப்படி வெட்டியதில் ஒன்றுதான் 'சம்மதம் கேட்காத சாரல்'. புத்தகத்தில், கதாநாயகன் கதாநாயகி நிலாவைக் கன்னத்தில் அறைகிறான், அவள் அழுகிறாள், மறுநாள் காலையில் அவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாள், அடுத்த அத்தியாயத்தில் இரட்டைக் குழந்தை. ராஜகுமாரி சொன்ன கதையில் நிலா அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவன் தேடி வருகிறான். "மூணு மாசம் எங்கப்பா காட்டுல களை எடுங்க, அப்புறம் பாப்போம்" என்கிறாள். நானூறு ஏக்கர்காரன் குந்தி உட்கார்ந்து களை எடுக்கிறான். இந்த இடத்தைச் சொன்ன அன்று பெண்கள் பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை.

கதையோடு போயிருந்தால் வம்பில்லை. அடுத்த வருஷம் சின்னத்தாயியின் மகள் புவனா, பூம்பாறைப் புருஷன் வீட்டிலிருந்து கன்னம் வீங்கி வந்து நின்றாள். சின்னத்தாயி ராஜகுமாரிக்கு நாத்தனார் முறை, வட்டத்தில் முதல் இடம் பிடிக்கிறவள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடினார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று பேச்சு முடியப்போன நேரத்தில் சின்னத்தாயி எழுந்தாள். அடித்தவன் வந்து மூன்று மாசம் களை எடுக்கட்டும், இது நான் சொல்வதில்லை, புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் ராஜகுமாரி பக்கம் திரும்பினாள்.

"மதினி, இருக்கா இல்லையா? நீங்க சொல்லுங்க."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புவனாவின் கன்னமும் தெரிந்தது.

"இருக்கு" என்றாள் ராஜகுமாரி.

அச்சடித்ததாயிற்றே என்று பெரியவர்களும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை பாலமுருகன் கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். சித்திரை, வைகாசி, ஆனி என்று சீசன் முழுக்க வேனை நிறுத்திவிட்டு மாமியார் காட்டில் களை எடுத்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆடியில் புவனா அவனோடு போனாள். அதற்குப் பிறகு அவன் கை ஸ்டியரிங்கைத் தவிர வேறெதிலும் வேகமாகப் பட்டதில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது 'சம்மதம் கேட்காத சாரல்' படமாக வந்து தொலைத்தது.

சின்னத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. களை எடுக்கிற காட்சியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். பழனிக்குப் போய் முருகனை ஒரு கும்பிடு, அப்படியே தியேட்டர் என்று பன்னிரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். வேன்? மாப்பிள்ளை வேன்தான், கூடவே புவனாவும். அவனும் உற்சாகமாக இருந்தான். களை எடுத்த இன்னொரு ஆம்பளையைப் பார்க்க அவனுக்கும் ஆசை இருக்காதா?

ராஜகுமாரி தடுத்துப் பார்த்தாள். தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றாள். படம் சரியில்லையாம் என்றாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒரே நம்பிக்கைதான் மிச்சம். சினிமாக்காரர்கள் கதையை மாற்றியிருந்தால் பழி அவர்கள்மேல் போய்விடும். வாழ்க்கையில் முதல்முறையாக, கதையை மாற்றியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். மலைமேல் முருகன் சன்னிதியில் மற்றவர்கள் பிள்ளைகுட்டிக்கு வேண்டிக்கொண்டிருக்க, இவள் கண்ணை மூடி, "எப்பா, எதையாவது கொத்திக் கொதறி வச்சிருக்கட்டும்" என்றாள்.

முருகன் கேட்கவில்லை. படம் புத்தகத்தை வரிக்கு வரி அப்படியே எடுத்திருந்தது. நாவலில் சொன்ன நீலச் சேலை, நாவலில் சொன்ன ஜன்னல், நிலாவின் மனசுக்குள் ஓடுகிற முப்பது பக்கத்துக்குப் பாட்டுகூட இல்லை, அந்தப் பெண் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு படத்துக்காகத்தான் ராஜகுமாரி இருபது வருஷம் காத்திருந்தாள். ரசிக்க முடியாமல் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறை விழுந்தது. பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் விடிந்தது. நிலா காபி ஆற்றினாள்.

"இவ என்னத்துக்கு அடுப்படிக்குப் போறா?" என்று சின்னத்தாயி சத்தமாகக் கேட்டாள். முன்வரிசைக்காரர் உஷ் என்றார். இரட்டைக் குழந்தை வந்ததும் சின்னத்தாயி எழுந்தே விட்டாள். விளக்கு போட்டதும் பட்டாளம் முழுக்க மேனேஜர் அறை வாசலில் நின்றது. கதையை மாற்றிவிட்டார்கள், களை எடுக்கிற காட்சியை வெட்டிவிட்டீர்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் தனக்கு வந்ததைத்தான் ஓட்டுகிறேன் என்று கும்பிட்டார். எங்கள் மதினி அன்றைக்கே சொன்னாள், சினிமாக்காரன் கை விளங்காது என்று, அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்றாள் சின்னத்தாயி. ராஜகுமாரிக்கு மூச்சு வந்தது. தப்பித்தாயிற்று.

வேனுக்கு வந்தால் பாலமுருகனைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பேருந்து நிலையப் பக்கமிருந்து வந்தான். கையில் ஒரு புத்தகம். அட்டையில் படத்து ஜோடியைப் போட்டுப் புதிதாக அச்சடித்த 'சம்மதம் கேட்காத சாரல்'. அவன் ஆயுசில் வாங்கிய முதல் புத்தகம். கடை வாசலிலேயே நின்று கடைசி மூன்று அத்தியாயத்தையும் எழுத்துக்கூட்டி முடித்திருந்தான். நேராக ராஜகுமாரியிடம் வந்து, மரியாதையாக விரித்து நீட்டினான்.

"அத்தை, இதுல களை எடுக்குற பக்கம் எதுங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். புதுப் பதிப்பில் விட்டிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னத்தாயி நம்புவாள். வாயெடுத்தாள். வரவில்லை.

"இல்ல மாப்ள. எந்தப் பக்கத்துலயும் இல்ல. நாஞ்சொன்னதுதான்."

"அப்ப என் சீசன்?" என்றான் பாலமுருகன். இடுப்பை ஒரு தடவை பிடித்துக்கொண்டான்.

வேன் கிளம்பி மலையேறத் தொடங்கியதும் சின்னத்தாயி சொன்னாள்.

"நா ஒண்ணும் புத்தகத்த நம்பிச் சொல்லல மதினி. எனக்கு எழுத்தா தெரியும்? நீங்க 'இருக்கு'ன்னீங்களே, அத நம்பித்தான் அம்புட்டுப் பேர் முன்னால நின்னேன்."

ராஜகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து மற்றவர்கள் ஒவ்வொரு கதையாக இழுத்தார்கள். அந்த டாக்டர் உண்மையில் மன்னிப்புக் கேட்டானா? கேட்கவில்லை. அந்த டீச்சர் வேலைக்குப் போனாளா? போகவில்லை, ராஜினாமா. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு உண்மை வெளிவந்தது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். வளைவினாலா முடிவினாலா என்று சொல்ல முடியவில்லை.

புருஷன் பக்கத்தில் முன்சீட்டில் இருந்த புவனா திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் புத்தகத்த நா கல்யாணத்துக்கு முன்னயே போன்ல படிச்சிட்டேம்மா. காபிதான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?" என்றான் பாலமுருகன்.

"ஆமா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஓட்டினான். கூக்கால்வரை ஹாரன் மட்டும் பேசியது.

அடுத்த விதைப்புக்கு ராஜகுமாரி வீட்டு முற்றத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று திருமலைச்சாமி வந்து சொன்னார். சின்னத்தாயி முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வரவில்லை. ராஜகுமாரி கதையும் சொல்லவில்லை. பூண்டு உடைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் சின்னத்தாயி வந்து, தன் வழக்கமான இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். போன காட்டில் பேச ஒரு பேச்சும் இல்லை, வாய் புளித்துப்போகிறது என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். பிறகு நிபந்தனை போட்டாள். எது புத்தகம், எது சொந்தம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாததை இருக்கு என்று சொல்லக்கூடாது.

ராஜகுமாரி ஒப்புக்கொண்டு புது நாவல் ஒன்றை ஆரம்பித்தாள். மதியத்துக்குள் கதாநாயகன் கதாநாயகியைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்தியாகிவிட்டது. அங்கே நிறுத்தினாள்.

"புத்தகத்துல இவ வாசல்லயே உக்காந்து அழுவுறா. அம்புட்டுத்தான் இருக்கு. மேல என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

அதுதான் தாமதம். டவுனுக்குப் போய் வேலை தேடட்டும் என்றாள் ஒருத்தி. வேலை எங்கே கெடக்கு, முதலில் நகையை வாங்கிக்கொண்டு போகட்டும் என்றாள் இன்னொருத்தி. சாயந்தரம்வரை வழக்கில் பாதிகூட முடியவில்லை, பூண்டில் கால்வாசிகூட உடையவில்லை. இதுக்கு அந்தக் காபியே தேவலை என்று திருமலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

பூண்டு உடைக்க வந்திருந்த புவனாவைக் கூட்டிப்போக வந்த பாலமுருகன் வேன் சாவியைச் சுழற்றியபடி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல், அந்தாள் பக்கத்து நியாயத்தையும் ஒருதரம் கேட்க வேண்டாமா என்றான்.

சின்னத்தாயி கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். ஒரு சாக்கை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"வாங்க மாப்ள. உக்காந்து பல்ல ஒடச்சிக்கிட்டே சொல்லுங்க."